வாடகை வீடும் மாற்றுத்திறனாளர் உரிமையும்

(வல்லக்கோட்டையில் நடைபெற்ற நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கல்வியும் சமூக முன்னேற்றமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அப்பொருள் பற்றி இம்மேடையில் ஏற்கெனவே பல அறிஞர்கள் பேசிவிட்டனர். ஆகவே அவர்களிடம் இசைவு பெற்று, அதன் ஒரு சிறு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன். உடற்குறையோ, புலன் குறையோ, மனநலக் குறையோ உடையவர்கள் வாடகை வீட்டில் குடியிருக்கும்போது அவர்களுக்குள்ள உரிமைகள் யாவை என்பதே அது. கல்விக் கழகத்தின் விழாவில் வாடகை வீட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளி அலுவலகத்தில் அமர்ந்து, கல்வியாண்டின் நடுவே மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் எனக்கு அவ்வையம் எழுவதில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி படித்து வந்தாள். காலில் இரும்புத் தாங்கி பூட்டி நடப்பவள். கணக்கில் கெட்டிக்காரி. அவள் பெற்றோர் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலிகள். மாடியில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தனர். கீழே ஓர் அறை காலியானபோது, அதைத் தங்களுக்கு மாற்றித் தருமாறு வேண்டினர். தலைக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாடகை தரும் நான்கு இளைஞர்களுக்கு அந்த அறை போய்ச் சேர்ந்தது. மழைக்காலத்தில் மாடிப்படி வழுக்கி அந்தப் பெண் இருமுறை விழுந்தாள். மார்கழி பிறப்பதற்குள் குடும்பம் வேறூர் சென்றுவிட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் ‘குடிபெயர்ச்சி’ என்ற ஒரே சொல்லோடு அவள் வரலாறு முடிந்தது. படிப்பில் நாட்டமில்லை என்றோ, பெற்றோர்க்கு அக்கறையில்லை என்றோ அங்கே யாரும் எழுதிவிட இயலாது. ஒரு மாடிப்படி அவளைப் பள்ளியினின்றும் பிரித்தது.

நம் வட்டாரம் மாறியுள்ள மாற்றத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்த் தொழில் கால்கொண்டது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என வயல்களும் ஏரிப் பாசன நிலங்களும் தொழிற்பேட்டைகளாயின. முருகப் பெருமானைக் காண வருவோர் தவிர வெளியார் அதிகம் வாராதிருந்த வல்லக்கோட்டையில், இன்று தென் மாவட்டத்தாரும் ஒடிசாவினரும் பீகாரினரும் அறை தேடி அலைகின்றனர். நெல் விளைந்த இடத்தில் லைன் வீடுகள் விளைகின்றன. ஒரு தாழ்வாரம், அதன் ஓரமாகப் பத்து அறைகள், கோடியில் இரண்டு கழிப்பறைகள், கூரைக்குச் சிமெண்ட் ஷீட்டு. இவ்வமைப்பில் ஊன்றுகோல் ஊன்றி நடப்பவர்க்கோ சக்கர நாற்காலியில் செல்பவர்க்கோ இடமே இல்லை. ஆனால் பவர் பிரஸ் இயந்திரத்தில் விரலைப் பறிகொடுப்பவரும், நெடுஞ்சாலையில் அடிபட்டுக் காலை இழப்பவரும் இவ்வறைகளிலேதான் குடியிருக்கின்றனர். காலையில் முழு உடலோடு வேலைக்குச் சென்றவன் மாலையில் மாற்றுத்திறனாளியாகத் திரும்பும் ஊர் இது என்பதை மறவாதீர்.

வீடு கிடையாமை என்பது நம் மக்களுக்குப் புதிய துன்பமன்று. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் உயர்கல்வி கற்றுத் திரும்பி, 1917ஆம் ஆண்டில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். அந்நகரில் அவருக்கு வாடகைக்கு ஓர் அறை கொடுப்பார் இல்லை. பார்சி வகுப்பினர் நடத்திய விடுதியொன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு கூட்டமொன்று வந்து அவரை வெளியேற்றிற்று. ஒரு பூங்காவில் அமர்ந்து கலங்கினார். அவ்வேலையையும் விட்டு வெளியேற நேர்ந்தது. அத்துணைக் கல்வியும் ஓர் அறையின் முன் பயனற்று நின்றதை எண்ணிப் பாருங்கள். கல்வியும் குடியிருப்பும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் மாவட்டத்து வரலாறும் இதையே கூறும். 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரியின் மனைக்கட்டுகள் மிராசுதார்களின் பிடியில் இருப்பதே அம்மக்களின் அடிமை நிலைக்கு ஒரு காரணம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ‘மனையை விட்டு வெளியேறு’ என்ற ஒரு சொல் போதும், கூலி கேட்ட வாய் அடைத்துவிடும். பஞ்சமி நிலங்களுக்கு வித்திட்ட அறிக்கை அதுதான் என்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றேன். ஆசிரியன் வழக்கம், பொறுத்தருள்க. ஊனம் என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘டிசெபிலிட்டி’ என்கின்றனர். அதே சொல் நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவிலும், 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும் வேறொரு பொருளில் வருகின்றது. கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது, கடையில் நுழையக் கூடாது என்று சாதியின் பெயரால் சுமத்தப்படும் தடையை அச்சட்டங்கள் அச்சொல்லால் குறிக்கின்றன. அதாவது, நம் உடலில் குறையில்லாதபோதும் ஊரார் நம்மை முடவராக்கி வைத்திருந்தனர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது. இதனை உணர்ந்த நமக்கு, காலிழந்தவனின் துன்பம் அவன் காலில் மட்டும் இல்லை, அவன் எதிரேயுள்ள படியிலும் இருக்கின்றது என்பது எளிதில் விளங்கும்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. 2007 அக்டோபர் முதல் நாளன்று இந்தியா அதை ஏற்றது. அதற்கிணங்க, 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது கணக்கில் கொள்கின்றது. பார்வையின்மை, செவித்திறன் குறை, இயக்கக் குறை மட்டுமல்லாது, அறிவுசார் குறைபாடு, மனநோய், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் நிலை ஆகியவையும் அவற்றுள் அடங்கும். சமூகத்தில் பிறரோடு சேர்ந்து வாழும் உரிமை இவர்களுக்கு உண்டென்று அதன் 5ஆம் பிரிவு சொல்கின்றது. பிறரைப் போலவே சொத்து வைத்துக்கொள்ளவும், தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும், சட்டத்தின் முன் ஒப்பந்தம் செய்துகொள்ளவும் தகுதியுண்டென்று 13ஆம் பிரிவு கூறுகின்றது. எனவே, ‘கண் தெரியாதவர் கைநாட்டு வைத்த வாடகைப் பத்திரம் செல்லாது’ என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள்.

இச்சட்டத்தின் உயிர்நாடி ‘நியாயமான வசதியேற்பாடு’ என்னும் கருத்தாகும். அதை மறுப்பதும் பாகுபாடே என்று சட்டம் வரையறுக்கின்றது. பொதுத்தேர்வை வைத்து இதனை விளக்குகின்றேன். பார்வையற்ற மாணவனுக்குச் சொல்வதை எழுதுபவர் ஒருவரை அமர்த்துகின்றோம். கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுக்கின்றோம். வினாத்தாள் ஒன்றே. மதிப்பெண்ணில் சலுகையில்லை. அவன் அறிந்ததை எழுதுவதற்கு இடையே நின்ற தடை மட்டும் நீக்கப்படுகின்றது. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் என்னும் தேர்வர் தொடுத்த வழக்கில், இவ்வசதியைப் பெறுவதற்கு 40 விழுக்காட்டுச் சான்று இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை எனத் தெளிவுபடுத்திற்று. இட ஒதுக்கீட்டிற்குத்தான் அந்த 40 விழுக்காடு. நியாயமான வசதியேற்பாட்டிற்கு அன்று. இரண்டு விரல்களை இழந்து, சான்றிதழில் குறைந்த விழுக்காடு பெற்ற தொழிலாளி இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இதற்கு என்ன பொருள்? வாசலில் அரையடிப் படி ஒன்று இருக்குமாயின், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் ஆறடி நீளச் சரிவுப் பாதை போதும். மூன்று படியானால் பதினெட்டடி வேண்டும். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. குந்தி அமர இயலாதவர்க்கு மேலைநாட்டுப் பீங்கான். எட்டும் உயரத்தில் மின்விசைப் பொத்தான். காது கேளாதவர் வீட்டுக்கு ஒலி மணிக்குப் பதிலாக ஒளிரும் மணி. சில ஏற்பாடுகளுக்குச் செங்கல்லும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். மூன்று சக்கர வண்டியை வாசலருகே நிறுத்த விடுதல், மாடிக்குப் பதில் கீழறையை மாற்றித் தருதல், உதவித்தொகை வரும் நாளை ஒட்டி வாடகை நாளை வைத்துக்கொள்ளுதல், குழாயடியில் முறை தள்ளிக் கொடுத்தல் போன்றவை அத்தகையன. இவற்றிற்கு மனம் வேண்டும், அவ்வளவே.

‘சட்டப்படி என் வீட்டுக்காரர் இவற்றைச் செய்தே ஆக வேண்டுமா?’ என்பது உங்கள் அடுத்த வினா. மேடைக்காக இனிப்பாகப் பேசிச் செல்ல நான் வரவில்லை. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தனியார் வீட்டுக்காரரை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றது. விதிகளைத் தளர்த்திக் கொடுக்கவும், குடியிருப்பவர் தம் செலவில் மாற்றங்கள் செய்துகொள்ள விடவும் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கடமைப்பட்டவர்கள். நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணமாக்கி எவரையும் பாகுபடுத்தலாகாது என்று பொதுவாகக் கூறுகின்றது. ஆனால் அதன் விரிவான கடமைகள் அரசின் மீதும் நிறுவனங்களின் மீதுமே வைக்கப்பட்டுள்ளன. நிறுவனம் என்பதில் கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், அறக்கட்டளை, தொழிற்சாலை ஆகியவை உண்டு. நான்கு அறை கட்டி வாடகைக்கு விடும் தனிமனிதரை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. இது சட்டத்திலுள்ள ஓட்டை. இதை அடைக்குமாறு நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்க வேண்டியது நம் கடமை.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டுமோ? வேண்டாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் என்று ஒரு பழைய சட்டம் உள்ளது. அதன் 108ஆம் பிரிவைப் பலரும் புரட்டிப் பார்ப்பதில்லை. குடியிருப்பவர் தாம் பொருத்திய பொருள்களை, வீட்டைப் பெற்ற நிலையிலேயே திரும்ப ஒப்படைப்பாராயின், காலி செய்யுமுன் கழற்றி எடுத்துச் செல்லலாம். நிலையான கட்டுமானத்திற்கு மட்டும் உரிமையாளரின் இசைவு வேண்டும். இதன் பயனை நோக்குங்கள். சிமெண்டுச் சரிவு கட்ட வேண்டுமாயின் உரிமையாளரைக் கேட்க வேண்டும். இரும்புத் தகட்டாலோ பலகையாலோ ஆன, தூக்கி வைக்கத்தக்க சரிவுக்கு அச்சிக்கல் எழுவதில்லை. திருகாணியில் நிற்கும் கைப்பிடிக் கம்பியை உங்களோடு அடுத்த வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். துளையை மட்டும் பூசிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் அவர் செய்யாது விட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் அப்பிரிவு வழி செய்கின்றது.

இவையெல்லாம் ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரைதான் செல்லும். ஆகவே ஒப்பந்தத்தைக் கையிலெடுங்கள். பதினோரு மாதப் பத்திரம் எழுதும்போது தரகர் நீட்டும் அச்சடித்த தாளில் கண்ணை மூடிக் கையெழுத்திடாமல், ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ‘குடியிருப்பவரின் உடல்நிலை கருதி, அவர் தம் செலவில் வாசலில் சரிவுப் பாதையும் குளியலறை, கழிப்பறைகளில் கைப்பிடியும் அமைத்துக்கொள்ள உரிமையாளர் இசைகின்றார், காலி செய்கையில் அவற்றை அகற்றி முன்னிருந்தவாறு ஒப்படைக்கக் குடியிருப்பவர் இசைகின்றார்.’ இவ்வளவே போதும். அமெரிக்கக் குடியானவர்க்குச் சட்டம் தருவதில் பெரும்பகுதியை நம்மவர்க்கு இந்த ஒரு வரி தந்துவிடும். முன்பணத்தைக் கொடுத்த பின் கேட்பதைவிட, கொடுக்கும் முன் கேட்பது நன்று என்பதை வீடு மாறியவர் அனைவரும் அறிவர்.

வெளியேற்றம் பற்றியும் கூற வேண்டும். எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடியிருப்பை முடிக்க, 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கின்றது அதே பழைய சட்டம். அறிவிப்புக்குப் பின்னும் சாமான்களைத் தெருவில் வீச எவருக்கும் உரிமையில்லை; நீதிமன்றம் வழியாகவே வெளியேற்ற வேண்டும். சட்டத்திற்குப் புறம்பாக வெளியே தள்ளப்பட்டவர், ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து உடைமையை மீட்கலாம். ஸ்ரீபெரும்புதூர் போன்ற நகரில் குடியிருப்போர்க்கு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் துணை நிற்கும். எழுத்து மூல ஒப்பந்தம் வேண்டும். அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையேல் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நெருக்கலாகாது. நெருக்கினால் வாடகை அதிகார அலுவலரிடம் முறையிடலாம்.

தண்ணீரை நிறுத்துவதினும் கொடிய ஆயுதம் நாக்கு. ‘நொண்டிக்கு வீடு கொடுத்தது தப்பு’, ‘பைத்தியத்தை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் பண்ணுவது’ என்று தெருவில் நின்று ஏசுவோர் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இதற்கானது. பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கோடு ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதிப்பவர் அல்லது மிரட்டுபவர்க்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. இப்பிரிவில் நிறுவனம், தனியார் என்ற வேறுபாடு இல்லை. யார் செய்தாலும் குற்றமே. செய்பவர் எச்சாதியினர் என்பதும் இங்கே கணக்கில்லை.

சாதியும் ஊனமும் ஒன்று சேரும்போது வரும் துன்பத்திற்கு அளவு கூற இயலாது. வீடு மறுப்பவர் வாயில் ஒரு காரணமும் மனத்தில் ஒரு காரணமும் இருக்கும். ‘கீழறை இல்லை’ என்பார். ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் கேட்ட பின்னர்தான் கீழறை இல்லாமற்போயிருக்கும். 1955ஆம் ஆண்டின் சட்டம், தீண்டாமையின் பெயரால் எப்பகுதியிலும் ஒருவர் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்கியுள்ளது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்குண்டு. பார்வையற்ற தாழ்த்தப்பட்ட பெண்ணொருவர் இழைக்கப்பெற்ற கொடுமை குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், பெண், சாதி, ஊனம் என்னும் ஒடுக்குமுறைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாகாது என்று எடுத்துரைத்தது. ஆகவே மனு எழுதும்போது ஒரு காரணத்தை எழுதி மற்றொன்றை விட்டுவிடாதீர்கள். நடந்ததையெல்லாம் நாள், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றோடு எழுதுங்கள்.

தொழிற்சாலைகள் நடத்தும் தங்கும் விடுதிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கின்றேன். அங்கே நாம் முன் கூறிய ஓட்டை இல்லை. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் நிறுவனமே. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும். 20 பேருக்குக் குறையாது பணிபுரியும் தனியார் நிறுவனமாயின், அக்கொள்கையில் குடியிருப்பு வசதி இருந்தால் அதில் மாற்றுத்திறனாளர்க்கு முன்னுரிமை தருவது பற்றியும் கூற வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் பணிக்கின்றன. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் தமிழக முதல்வர் திறந்து வைத்தார். இத்தகைய பெருங்கட்டடங்கள் எழும்போது தரைத்தள அறைகள் யாருக்கு என்று முதல் நாளே கேட்க வேண்டும். வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள், ‘சம வாய்ப்புக் கொள்கையின் படி ஒன்று தாருங்கள்’ என்று மனிதவளப் பிரிவில் கேட்கலாம், அதில் தவறொன்றுமில்லை.

அரசு தரும் வீடுகளில் 5 விழுக்காடு, 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையோர்க்கு ஒதுக்கப்பட வேண்டும். அவர்களுள் பெண்களுக்கு முன்னுரிமை. இது 37ஆம் பிரிவு. நம் ஊராட்சியில் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் கிராம சபையில் படிக்கப்படும்போது, இந்த ஐந்து யார் யார் என்று எழுந்து கேட்க ஒருவர் வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழக அரசு 2025இல் கொண்டு வந்தது; அதனால் கேட்கும் குரலுக்கு இனி மன்றத்திலேயே ஓரிடம் உண்டு. அணுகத்தக்க கட்டட நெறிகள் வெறும் பரிந்துரையாக இருத்தலாகாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்ததையும் அறிந்து வையுங்கள்.

இதுவரை குடியிருப்போரை நோக்கிப் பேசினேன். இனி, இவ்வரங்கில் அமர்ந்துள்ள வீட்டு உரிமையாளர்களை நோக்கிச் சில சொற்கள். ஆம், நம்மிலும் இன்று வீட்டு உரிமையாளர்கள் உள்ளனர். நிலம் விற்ற பணத்திலும், தொழிற்சாலைச் சம்பளத்திலும், மகளிர் குழுக் கடனிலும் நம் காலனியில் இரண்டு அறை, மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுகின்றீர்கள். நான் பெருமிதத்தோடுதான் இதைக் கூறுகின்றேன். மனைக்கட்டின் பெயரால் மிரட்டப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று வாடகை ரசீதில் கையெழுத்திடுகின்றனர். ஆனால் அக்கையெழுத்தை இடும் நாம், மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோடு ஒரு தாய் வந்து நிற்கும்போது, ‘அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் அம்மா’ என்று சொல்கின்றோமா இல்லையா? அந்தச் சொற்றொடர் நமக்குப் புதிதா? நம் தந்தையர் நகரத்தில் வீடு கேட்டபோது எதைக் கேட்டுத் திரும்பினரோ, அதே சொற்றொடர் அது.

உங்கள் அச்சங்களை நான் அறியாதவனல்லன். ‘விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?’ என்கின்றீர்கள். கைப்பிடி வைத்தால் விழமாட்டார். கைப்பிடியில்லாத இடத்தில் நல்ல காலுள்ளவனும் விழுவான். ‘வாடகை வருமா?’ என்கின்றீர்கள். மாதந்தோறும் உதவித்தொகை பெறுபவரும், ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நிரந்தர ஊனப் பயன் பெறுபவரும் ஆண்டு முழுதும் ஒரே வீட்டில் இருக்க விரும்புவர். ஒப்பந்தம் முடிந்ததென்று மூன்றாம் மாதம் சொல்லாமல் போய்விடும் கும்பலை விட அவர்கள் நிலையான குடித்தனக்காரர் அல்லரோ? ‘செலவாகுமே’ என்கின்றீர்கள். புதிதாகக் கட்டும்போது ஓர் அறையின் வாசலை மூன்றடி அகலமாகவும், வாசற்படியில்லாமலும், கழிப்பறையை ஒட்டியும் அமைக்க மேற்கொண்டு ஆகும் செலவு அற்பமே. கட்டிய பின் இடித்து மாற்றுவதுதான் செலவு. பத்து அறை கட்டுபவர் ஓர் அறையை இவ்வாறு கட்டட்டும். வயது முதிர்ந்தபின் உங்களுக்கே அவ்வறை பயன்படும் என்பதை, இன்று முழங்கால் வலியால் பின்வரிசையில் நாற்காலி கேட்டு வாங்கி அமர்ந்திருக்கும் பெரியவர்கள் மறுக்க மாட்டார்கள்.

நம் கழகத்தின் படிப்பகத்திற்கும் மூன்று படிகள் உள்ளன. ஒவ்வொன்றும் அரையடி. பதினெட்டடிச் சரிவுக்கு முன்புறம் இடமில்லை. ஆனால் வேப்பமரத்துப் பக்கமாகத் திருப்பிக் கட்ட இடமுண்டு. நானே நேற்று மாலை அளந்து பார்த்தேன். வெள்ளி விழா நிதியில் கல்வெட்டுக்கென ஒரு தொகை ஒதுக்கியிருப்பதாக அறிகின்றேன். கல்வெட்டு சற்றுப் பொறுக்கும். பொதுக்குழு இதை வரும் கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுமெனச் செயலாளர் அவர்களிடம் எழுத்து மூலமும் கொடுத்துள்ளேன்.

இறுதியாக, எங்கே செல்வது என்பதைக் கூறிவிடுகின்றேன். முதலில் மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர் அதற்கு விண்ணப்பியுங்கள். காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகின்றது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மனு அளிக்கலாம். உரிமை மறுக்கப்பட்டால் சென்னையிலுள்ள மாநில ஆணையருக்கு எழுதலாம். சாட்சிகளை அழைப்பதில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்திற்குள்ள அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரையின் மீது எடுத்த நடவடிக்கையை, உரிய அதிகாரி மூன்று மாதத்திற்குள் தெரிவிக்க வேண்டும். வழக்குச் செலவு குறித்து அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர்க்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இங்குள்ளோரில் பலர் அப்பட்டியலில் இரண்டு மூன்று இடங்களில் அமர்கின்றனர்!

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் படிப்பகத் திண்ணையில் நானும், பதினொன்றாம் வகுப்பு மாணவர் சிலரும் அமர்ந்திருப்போம். வாடகைப் பத்திரம், மருத்துவச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களோடு வாருங்கள். மனுக்களையும், நான் கூறிய அந்த ஒரு வரியையும் எழுதித் தருகின்றோம். படியேற இயலாதவர்கள் கீழேயே இருங்கள்; மேசையைக் கீழே போடச் சொல்லியிருக்கின்றேன்.